பழைய மாருதி 800-ல் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டர் வைத்த பழைய 800 ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 1983 டிசம்பரில் வந்த எஸ்எஸ்80, 1986-ல் உடம்பு மாறி வந்த எஸ்பி308, இரண்டிலுமே இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபேன் ஓடவில்லை என்றதும் புது மோட்டார் வாங்க ஓடாதீர்கள். பல வண்டிகளில் மோட்டார் நன்றாகவே இருக்கும், கெட்டுப்போனது ஸ்விட்ச்சோ, கப்ளரோ (ஒயர்களை இணைக்கும் சொருகி), எர்த்தோதான் (பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு). ஒரு டெஸ்ட் லேம்ப்பும் (கரண்ட் வருகிறதா என்று காட்டும், ஒயர் வைத்த சின்ன பல்பு) சாதாரண மல்டிமீட்டரும் ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் எது என்று வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

800-ஐ எல்லாம் கிளாசிக் கார் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். அரசின் 2021-ஆம் ஆண்டு விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிதான் விண்டேஜ், அந்தக் கணக்கில் முதல் எஸ்எஸ்80 கூட 2033 வரை காத்திருக்க வேண்டும். ஆனால் சென்னை உட்பட 13 நகரங்களில் இதன் விற்பனை நின்றது 2010-ல், உற்பத்தியே நின்றது 2014 ஜனவரியில். நல்ல நிலையில் இருக்கும் எஸ்எஸ்80 இன்றைக்கு எத்தனை கண்ணில் படுகிறது? கையில் இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

வண்டி சூடாகிறது. ஃபேன்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறி, பைபாஸில் அறுபதில் போகத் தொடங்கியதும் இறங்கிவிட்டால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கும் வண்டிக்கு ஃபேன் வேண்டும். அப்படியென்றால் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

நேர்மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதுதான் முள் ஏறுகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழிவிடும் வால்வு) முழுக்கத் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) கசியலாம். எங்கே போனாலும் எப்போதுமே சூடாகிறது என்றால் முதலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும்.

இன்னொன்று, முள்ளையே முழுக்க நம்பவும் வேண்டாம். மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சார் வேறு, ஃபேனை ஓட வைக்கும் தெர்மோ ஸ்விட்ச் வேறு. சென்சார் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டாலே முள் நேராக மேலே போய் நின்றுவிடும், இன்ஜின் சாதாரணமாகத்தான் இருக்கும். அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முள் கீழே விழுந்தால் மீட்டரும் அதுவரையுள்ள ஒயரும் சரி, சென்சாரையோ இன்ஜினையோ பார்க்கலாம். கழற்றிய பிறகும் முள் மேலேயே நின்றால் ஒயர் நடுவில் எங்கேயோ எர்த் ஆகிறது, இல்லையென்றால் மீட்டரில் கோளாறு.

இதெல்லாம் அம்பாசடர், பத்மினிக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. அவற்றில் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுகிறது, மோட்டாரும் கிடையாது, ஸ்விட்ச்சும் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்ப் பேரிங் ஆடுகிறதா, இறக்கையின் அடியில் விரிசல் இருக்கிறதா என்பதுதான். விரிசல் விட்ட இறக்கையோடு வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், பிய்ந்து பறந்தால் ரேடியேட்டரோ பானட்டோ கிழியும், பக்கத்தில் ஆள் நின்றால் அதைவிட மோசம்.

800-ல் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கிறது, புல்லி பக்கவாட்டைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு நேராகப் பெல்ட் ஃபேன் வைக்க வழியில்லை, அதனால்தான் மின்சார ஃபேன். இந்த வண்டியில் எல்லாரும் ஃபேன் பெல்ட் என்று சொல்கிற பெல்ட் சுற்றுவது ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும். அது அறுந்தாலும் இன்ஜின் சூடாகும், கூடவே டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும், அப்போது ஃபேனைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

இந்த ஃபேன் எப்படித்தான் ஓடுகிறது?

எளிமையான சர்க்யூட்தான். பேட்டரியிலிருந்து கரண்ட் ஃபியூஸ் வழியாக மோட்டாருக்குப் போக வேண்டும், மோட்டாரிலிருந்து எர்த்துக்குத் திரும்ப வேண்டும், இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் தெர்மோ ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். அதன் நுனி கூலன்ட்டில் மூழ்கியிருக்கும். சூடு ஏறி குறிப்பிட்ட அளவை, பொதுவாக 90 முதல் 95 டிகிரிக்குள், தொட்டதும் உள்ளே இருக்கும் இணைப்பு மூடிக்கொள்ளும், ஃபேன் ஓடும். ஐந்தாறு டிகிரி இறங்கியதும் விட்டுவிடும், ஃபேன் நிற்கும்.

ஸ்விட்ச்சில் ஒரே ஒயர் இருந்தால் அதன் உடம்பே எர்த். இரண்டு ஒயர் இருந்தால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இந்த வித்தியாசம் பின்னால் வரும் எல்லாச் சோதனைக்கும் தேவைப்படும், மறக்காமல் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையென்றால் மோட்டாரின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். பழைய வண்டியில் யார் யாரோ கை வைத்திருப்பார்கள், ரேடியேட்டரே வேறாக மாறியிருக்கலாம், அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் படத்தைவிட ஒயர் சொல்வதுதான் நிஜம்.

பின்னால் வந்த, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ 800-களில் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர்தான் ரிலேவை (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இயக்குகிறது. அந்த சென்சாரை இங்கே சொல்வதுபோல ஒயர் போட்டு இணைத்துப் பார்க்காதீர்கள்.

சரி, முதலில் எதைச் சோதிப்பது?

மோட்டாரிலிருந்து தொடங்கி பின்னோக்கிப் போங்கள். ஃபியூஸில் தொடங்கினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். ஃபியூஸைக் கழற்றிப் பார்க்க அரை நிமிடம், பார்த்துவிடுங்கள். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், மயிரிழை விரிசல் தெரியாது, மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். ஃபியூஸ் உட்காரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள், முப்பது வருட வண்டியில் ஃபியூஸ் பெட்டியே கோளாறாக இருப்பது சாதாரணம்.

அப்புறம் இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கழற்றாமல் கையை விடவே விடாதீர்கள், பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும். ஃபேன் இலேசாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரவென்று சத்தம், ஓரிடத்தில் பிடிப்பது, இறக்கையை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம், இதெல்லாம் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது என்பதற்கு அடையாளம்.

அடுத்தது நேரடிச் சோதனை. மோட்டாரின் கப்ளரைக் கழற்றுங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து மோட்டாரின் ஒரு முனைக்கு, இன்னொரு ஒயரால் மறு முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு. எது எந்த முனை என்று கப்ளரில் ஒயர் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கொடுங்கள், மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். ஜோராக ஓடினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். ஓடவே இல்லை, அல்லது கிழவன்போல் தள்ளாடிச் சுற்றுகிறது என்றால் மோட்டார்தான்.

நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது, வண்டியில் மாட்டினால் ஓடவில்லை. இப்போது?

நல்ல செய்தி, செலவு குறைவு. மோட்டார் கப்ளரையும் பேட்டரி நெகட்டிவையும் மறுபடி மாட்டி, சாவியை ஆன் செய்து, தெர்மோ ஸ்விட்ச்சின் கப்ளரைக் கழற்றுங்கள். இரண்டு ஒயர் என்றால் கப்ளருக்குள் இரண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால் இணையுங்கள். ஒரே ஒயர் என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டுச் செய்யுங்கள்: டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை இன்ஜின் உடம்பில் கவ்வவிட்டு மறு முனையால் அந்த ஒயரைத் தொடுங்கள். லேம்ப் எரிந்தால் ஃபியூஸிலிருந்து மோட்டார் வழியாக கரண்ட் இதுவரை வந்துவிட்டது, இனி அந்த ஒயரை நேராக எர்த்தில் தொட்டால் ஃபேன் ஓட வேண்டும்.

ஓடினால் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, அல்லது ஸ்விட்ச்சுக்குச் சூடே போய்ச் சேரவில்லை. ஓடவில்லை என்றால் ஒயரிங்கில் எங்கேயோ அறுந்திருக்கிறது, டெஸ்ட் லேம்ப்போடு ஒவ்வொரு கப்ளராகப் பின்னோக்கிப் போங்கள். ரிலே இருக்கும் வண்டி என்றால் அதே மாதிரியான இன்னொரு ரிலேவை மாற்றி மாட்டிப் பார்ப்பது வேகமான வழி.

மெதுவாக ஓடுகிறது என்ற புகாருக்கு வேறு சோதனை இருக்கிறது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் மோட்டாரின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அதேபோல பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே. எந்தப் பக்கத்திலும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கம் துருவோ, தளர்ந்த இணைப்போ, கருகிய ஸ்விட்ச்சோ கரண்ட்டைத் தின்கிறது. பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தைக் கழற்றி, பெயின்ட் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி இறுக்கினாலே எத்தனையோ ஃபேன்கள் உயிர் பெற்றுவிடும்.

தெர்மோ ஸ்விட்ச்சைக் கழற்றிச் சோதிக்க முடியுமா?

முடியும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கழற்றுங்கள், கூலன்ட் கொஞ்சம் வெளியே வரும், கீழே பாத்திரம் வையுங்கள். வெளியே எடுத்ததை ஒரு பழைய டப்பாவில் தண்ணீர் ஊற்றி, நுனி மட்டும் முழுகும்படி தொங்கவிட்டு, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து ஸ்விட்ச்சோடு இணைத்து, 110 டிகிரி வரை காட்டும் தெர்மோமீட்டரையும் போட்டு அடுப்பில் மெல்லச் சூடாக்குங்கள். ஸ்விட்ச்சின் உடம்பில் அச்சடித்திருக்கும் டிகிரி வந்ததும் மீட்டர் சத்தம் போட வேண்டும், ஆறும்போது விட வேண்டும். ஸ்விட்ச்சின் நுனியோ தெர்மோமீட்டரின் முனையோ டப்பாவின் அடியைத் தொடக் கூடாது, தண்ணீரின் சூட்டைவிட டப்பா அதிகம் சுடும்.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறாது. 95-ல் மூட வேண்டிய நல்ல ஸ்விட்ச்சும் அங்கே சும்மா கிடக்கும், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் கொதிநிலை உயரும். ஆனால் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பாகவும் இருக்கும், அதனால் அந்த டப்பா மறுபடி சமையல் பக்கம் போகவே கூடாது, மீந்ததை நாயோ குழந்தையோ எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது.

திரும்ப மாட்டும்போது புது வாஷர் போடுங்கள். ஒற்றை ஒயர் ஸ்விட்ச்சின் மரையில் டெஃப்லான் டேப்பைக் கட்டு கட்டாகச் சுற்றினால் உடம்புக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு போய், எர்த் கிடைக்காமல், புது ஸ்விட்ச்சும் வேலை செய்யாது.

ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் சூடான பிறகும் ஃபேன் வரவில்லையே?

கூலன்ட் குறைவாக இருக்கும், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கும். ஸ்விட்ச்சின் நுனி தண்ணீருக்குப் பதிலாகக் காற்றில் இருந்தால் இன்ஜின் கொதித்தாலும் அதற்குத் தெரியாது. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிரப்பி, ஹீட்டர் இருந்தால் அதையும் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, குமிழி நின்று தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஊற்றிக்கொண்டே வாருங்கள், அப்புறம் மூடுங்கள். முன்சக்கரங்கள் கொஞ்சம் மேட்டில் இருந்தால் காற்று சுலபமாக வெளியேறும். குமிழி நிற்கவே இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அலுமினிய ஹெட், ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும்.

மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

வீட்டுக்கு வந்து சேர ஓட்டலாம், அதோடு சரி. தட்டினால் ஓடுவது கார்பன் பிரஷ் தேய்ந்து, மோட்டாரின் சுழலும் பகுதியில் கரண்ட் வாங்கும் கம்யூட்டேட்டரை ஒழுங்காகத் தொடவில்லை என்பதற்கு அடையாளம். பழைய ஒரிஜினல் மோட்டார் என்றால் கழற்றி, ஆட்டோ எலெக்ட்ரிஷியனிடம் கொடுத்து கார்பன் மாற்றி, புஷ் போட்டு, கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்து வாங்குவதைத்தான் நான் விரும்புவேன். அந்தக் காலத்து மோட்டாரின் உடம்பு கெட்டி, மறுபடி பல வருடம் உழைக்கும். வைண்டிங் கருகி வாசம் வந்திருந்தாலோ, உடம்பு மடித்து அடைத்த பிரிக்க முடியாத மோட்டாராக இருந்தாலோ மட்டும் புதுசு வாங்குங்கள்.

மெக்கானிக் "டைரக்ட் கொடுத்துடலாம்" என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிற மாதிரி இணைப்பதைத்தான் டைரக்ட் என்கிறார்கள். அவசரத்துக்கு, ஊர் போய்ச் சேர, சரி. நிரந்தரமாக விட்டால் என்ன ஆகும்? காலையில் குளிர்ந்த இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், கார்புரேட்டர் வண்டி என்பதால் சோக் போட்டு ஓடும் நேரம் கூடும், பெட்ரோல் போகும். நாள் முழுக்க ஓடும் மோட்டாரின் கார்பன் சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும்விட மோசம், ஃபேன் எதற்காக நின்றது என்ற காரணம் மறைந்துபோகும். கூலன்ட் கசிந்து ஸ்விட்ச் காற்றில் தொங்கியதுதான் காரணம் என்றால் அந்தக் கசிவு அப்படியே இருக்கும், ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதால் நீங்களும் கவலையில்லாமல் ஓட்டுவீர்கள், ஒருநாள் ஹெட் போகும். ஸ்விட்ச்சின் விலையையும் ஹெட் வேலையின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்வதும் இதே வகை ஆலோசனைதான். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பார்கள். இன்ஜின் தன் சரியான சூட்டுக்குச் சீக்கிரம் வந்து அங்கேயே நிற்பதற்காக வைத்தது அது. கெட்டிருந்தால் புதுசு போடுங்கள், வெறும் குழாயாக விடாதீர்கள்.

புது மோட்டார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழையதைக் கையோடு கொண்டு போங்கள். சென்னையில் ஜிபி ரோடு கடைகளிலோ புதுப்பேட்டையில் பழைய பாகங்களிலோ தேடும்போது "800-க்கு ஃபேன்" என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, ஷாஃப்ட்டின் தடிமனும் நீளமும், கப்ளரின் வடிவம், சுற்றும் திசை, இவை நான்கும் ஒத்துப்போக வேண்டும். இறக்கையும் சேர்ந்து வருகிறது என்றால் இறக்கைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் சாய்வு எந்தப் பக்கம் என்று பாருங்கள், திசை மாறிய இறக்கை காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும். பழைய பாகம் வாங்கினால் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், முதல் நிமிடம் எல்லாமே ஓடும்.

நானே மாற்ற முடியுமா? எப்படி?

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். இன்ஜின் ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கப்ளரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அமுக்கி எடுங்கள், பழைய பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். மோட்டார் ஷ்ரவுடில் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) நிற்கிறது, ஷ்ரவுட் ரேடியேட்டரில் நிற்கிறது. பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பேனர் வேலை. துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், ரேடியேட்டரில் பற்றவைத்த நட்டைத் திருகிப் பிய்த்துவிட்டால் வேலை மூன்று மடங்காகும்.

ஷ்ரவுடோடு சேர்த்து மொத்தமாக மேலே தூக்குங்கள். அதற்கு முன்னால் ஒரு அட்டையை வெட்டி ரேடியேட்டர் முகத்தின் மேல் செருகிவிடுங்கள். இறக்கையின் முனை ஒரு உரசு உரசினாலே மெல்லிய தகடுகள் மடங்கும், குழாய் கிழிந்தால் ரேடியேட்டரும் போச்சு. இடம் போதவில்லை என்றால் மேல் ஹோஸைக் கழற்ற வேண்டி வரும், அப்போது கொஞ்சம் கூலன்ட் இறக்க வேண்டும். ஹோஸை அமுக்கிப் பார்த்து வெடிப்போ உப்பலோ இருந்தால் இதே சாக்கில் மாற்றிவிடுங்கள், கிளிப்பையும் சேர்த்து.

இறக்கையின் நடு நட்டு கழலவில்லை என்றால் பலம் போடும் முன் திசையைப் பாருங்கள், சில மோட்டார்களில் எதிர் மரை இருக்கும். வெளியே எடுத்ததும் ரேடியேட்டரின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துப் பூச்சி, மண் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். இந்த வாய்ப்பு மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் படுத்துவிடும்.

மாட்டிய பிறகு, பேட்டரியை இணைக்கும் முன்பு இறக்கையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். ஒயர் ஃபேனுக்கோ சைலன்சர் மேனிஃபோல்டுக்கோ கிட்டே தொங்கக் கூடாது, கட்டுங்கள்.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் சூடு குறையவில்லை. திசை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

ஃபேன் ஓடும்போது வண்டியின் முன்னால் கிரில் பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. வெளியே தள்ளினால் மோட்டாரின் இரண்டு ஒயரும் மாறியிருக்கின்றன. நிரந்தரக் காந்தம் வைத்த டிசி மோட்டார் இது, ஒயரை மாற்றினால் திசை மாறும். இதைக் கவனிக்காமல் விட்ட வண்டிகளில் ஐடிலில் ஃபேன் வெளியே தள்ள, ஓடும்போது எதிர்க்காற்று உள்ளே தள்ள, இரண்டும் மோதி எங்கேயுமே சரியாக ஆறாது. ஷ்ரவுட் இல்லாமல் வெறும் ஃபேனை மாட்டியிருந்தாலும் இப்படித்தான், ஃபேனுக்கு நேராக இருக்கும் பகுதிக்கு மட்டும் காற்று போகும்.

பழைய ஒயரிங்கைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ரிலே வைக்கலாமா?

வையுங்கள், பழைய வண்டிக்கு நான் மனதாரச் சொல்லும் ஒரே மாற்றம் இதுதான். இந்த அளவு வண்டியின் ஃபேன் பொதுவாக 6 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், தொடங்கும் நொடியில் இன்னும் அதிகம். அத்தனையும் தெர்மோ ஸ்விட்ச்சின் சின்ன இணைப்பு வழியாகப் போனால் அது கருகத்தான் செய்யும். ரிலே வைத்தால் ஸ்விட்ச்சின் வழியே போவது கால் ஆம்பியருக்கும் குறைவு.

நான்கு கால் 30 ஆம்பியர் ரிலே போதும். 30-ம் நம்பர் காலுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே. 87-லிருந்து மோட்டாரின் பாசிட்டிவுக்கு. மோட்டாரின் மறு முனை நேராக நல்ல எர்த்துக்கு. 86-க்கு சாவி ஆன் ஆனால் வரும் கரண்ட், அதற்குத் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ். 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச்சுக்கு, ஸ்விட்ச்சிலிருந்து எர்த்துக்கு. ரிலேவைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது. மூல ஒயரிங்கை வெட்டாமல், கப்ளர் வைத்து எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றுகிற மாதிரி செய்தால் வண்டியின் மதிப்பும் கெடாது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா?

கூடாது. மோட்டார் இறுகி அதிகம் இழுக்கிறது, அல்லது ஒயர் எங்கேயோ உரசுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது ஒயர். எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், வீட்டு எலெக்ட்ரிஷியன் வைத்திருப்பதில் பல ஏசி கரண்ட்டை மட்டும்தான் காட்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் போட்டுப் பார்க்காதீர்கள், ஃபேன் தொடங்கும் இழுப்பில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஏசி போட்டால் மட்டும் சூடாகிறது?

ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தன் சூட்டையும் சேர்த்துத் தள்ளுகிறது. கண்டென்சருக்குத் தனி ஃபேன் இருந்தால் ஏசி போட்டதும் அது ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் குப்பை படிந்து கம்பளிபோல ஆகியிருக்கும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது, டார்ச் அடித்துப் பாருங்கள்.

நடுவழியில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. என்ன செய்வது?

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருக்கும் வண்டி என்றால் முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரையும் முழுக்கத் திருப்புங்கள், உங்களுக்கு வேர்க்கும், இன்ஜின் கொஞ்சம் ஆறும். ஓரமாக ஒதுங்கி, ஃபேன் ஓடவில்லை என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்து பானட்டைத் திறந்து வையுங்கள். மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும்வரை 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சாக்கை மேலே போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம், மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியும்வரை காத்திருங்கள். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது.

டிக்கியில் ஃபியூஸ் வைத்த இரண்டு மீட்டர் ஒயர், கூட ஒரு வெறும் ஒயர் இருந்தால் மோட்டாருக்கு நேரடியாகக் கொடுத்து ஊர் சேரலாம். அதுவும் இல்லையென்றால், கூலன்ட் குறையாமல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, நெரிசல் இல்லாத சாலையாகப் பார்த்து நாற்பது ஐம்பதில் நிற்காமல் போங்கள்.

மலைக்குப் போகும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40-லும் இரண்டாம் கியரில் இன்ஜின் முழு வேலை செய்யும், வண்டியோ மெதுவாகப் போகும், எதிர்க்காற்று கிடைக்காது. ஃபேன் ஒன்றுதான் துணை. கிளம்பும் முந்தின நாள் வண்டியை வாசலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் தானாக வந்து, முள் இறங்கி, ஃபேன் தானாக நிற்கிறதா என்று குறைந்தது இரண்டு சுற்று பாருங்கள். ஒருமுறை வந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அதுவும் கோளாறுதான், ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதே எண் அச்சடித்த புது மூடி போடுங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து குழாயை அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஒரு லிட்டர் கேனில் டிக்கியில் வையுங்கள், அந்த ஃபியூஸ் ஒயரோடு சேர்த்து.